கோர்துவான்: கடல் நடுவே ஒரு மாளிகை, அதன் உச்சியில் ஒரு விளக்கு

காகம் கரைகிறது என்கிறோம். அந்தக் கரைதல்தான் 'கலங்கரை விளக்கம்' என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். கப்பல்களைக் கூப்பிடுகிற விளக்கு. கடற்கரையில் நிற்பதால் 'கரை' வந்தது என்று பலரும் நினைத்துக்கொள்கிறோம். பழைய உரைகாரர்கள் சொல்லும் பொருள் 'கலத்தை அழைக்கும் விளக்கு' என்பதே. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. இருட்டில் எங்கோ போய்க்கொண்டிருக்கும் ஒருவரை, குரல் எட்டாத தூரத்திலிருந்து, கண்ணுக்கு எட்டும்படி கூப்பிட வேண்டும். ஒரு கலங்கரை விளக்கத்தின் வேலை மொத்தமும் அவ்வளவுதான்.

சொல்லச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால் மூன்று சிக்கல்கள் வரும். கோபுரம் அலையில் விழாமல் நிற்க வேண்டும். விளக்கு வெகுதூரம் தெரிய வேண்டும். தெரிவது எந்த விளக்கு என்று மாலுமிக்குப் புரிய வேண்டும். இந்த மூன்றையும் மனிதர்கள் எப்படிப் படிப்படியாகத் தீர்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள, பத்துக் கோபுரங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டியதில்லை. பிரான்சின் தென்மேற்கே, அட்லாண்டிக் கடலில், ஒரு பாறைத்திட்டின் மேல் கோர்துவான் என்றொரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1611ல் கட்டி முடித்தார்கள். இன்றும் எரிகிறது. இந்த 400 ஆண்டுகளில் விறகு, நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் எல்லாம் அதன் உச்சியில் எரிந்திருக்கின்றன. ஒவ்வொரு காலமும் பழைய கோபுரத்தை இடித்துத் தள்ளாமல், தன் காலத்து விடையை அதன் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. கீழிருந்து மேலே படி ஏறினால் கலங்கரை விளக்கங்களின் வரலாற்றையே ஏறிப் பார்த்ததாகிவிடும்.

அந்த இடத்தில் ஏன்?

கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் ஒன்று சேர்ந்து ஜிரோந்து என்ற பெரிய கழிமுகமாகி அட்லாண்டிக்கில் கலக்கின்றன. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய கழிமுகம் அது. நீளம் சுமார் 75 கிலோமீட்டர். அதன் வழியே உள்ளே போனால் போர்தோ நகரம். போர்தோ என்றால் திராட்சை மது. 12ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1453 வரை அந்தப் பகுதி இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்ததால், மதுப் பீப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் போர்தோவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஓயாமல் போய்வந்தன. அந்த ஊரின் செல்வமே கழிமுகத்தின் வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், உள்ளே வர வேண்டும்.

அந்த வாய்தான் ஆபத்து. ஆறு கொண்டுவரும் வண்டலையும் கடல் தள்ளும் மணலையும் சேர்த்து அங்கே திட்டுகள் உருவாகும், இடம் மாறும். கூடவே கடல் ஏற்றமும் வற்றமும். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் நாம் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஜிரோந்தின் வாயில் அந்த வித்தியாசம் ஐந்து மீட்டர் அளவுக்குப் போகும். காலையில் கப்பல் தாராளமாகக் கடந்த இடத்தில் மதியம் மணல் தெரியும். இந்த வாயின் நடுவே, கரையிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருப்பதுதான் கோர்துவான் பாறைத்திட்டு. ஒரு காலத்தில் தீவாக இருந்ததை அலைகள் அரித்து அரித்து, இன்று கடல் ஏறும்போது கோபுரத்தின் அடிப்பீடம் மட்டும் நீருக்கு மேலே நிற்கிறது. வற்றும்போது சுற்றிலும் மணலும் பாறையும் வெளியே வந்து மறுபடி தீவாகிவிடும். ஒவ்வொரு நாளும் இரண்டு முறை இது நடக்கிறது.

கப்பலைக் கவிழ்க்கக்கூடிய பாறையின் மேலேயே விளக்கு வைத்துவிட்டால் ஒரே விளக்கு இரண்டு செய்தி சொல்லும். 'இங்கே வராதே' என்பது ஒன்று. 'ஆற்றின் வாய் இங்கேதான் இருக்கிறது' என்பது இன்னொன்று. இதை முதலில் செய்தவர்கள் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள். கறுப்பு இளவரசர் என்று பெயர் பெற்ற எட்வர்ட் அந்தப் பகுதியை ஆண்டபோது, சுமார் 15 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் எழுப்பினார். உச்சியில் தீ மூட்டும் வேலையைப் பார்த்தவர் ஒரு துறவி. கடந்து போகும் கப்பல்கள் அதற்காகக் காசு கொடுத்தன. கடல் நடுவே தனியாக இருந்து தினமும் தீ வளர்க்க, உலகைத் துறந்த ஒருவரைத் தவிர வேறு யாரைக் கேட்பது? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கோபுரம் பாழடைந்துவிட்டது.

விளக்குக்கு அரண்மனை எதற்கு?

1584 மார்ச் 2 அன்று புதிய கோபுரத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்ட ஒப்புக்கொண்டவர் லூயி த ஃபுவா என்ற பொறியாளர். அதற்கு முன்பே பயோன் நகரத்துக்கு அருகில் அதூர் ஆற்றின் போக்கைத் திருப்பிப் பெயர் வாங்கியவர். கையெழுத்தானபோது உடனிருந்தவர்களில் ஒருவர் அப்போதைய போர்தோ மேயர், கட்டுரை என்ற இலக்கிய வடிவத்துக்கே பெயர் கொடுத்த மோந்தேன். நானும் ஒரு கட்டுரைதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இந்தத் தகவல் எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

ஆரம்பத்தில் நினைத்தது சாதாரணக் கோபுரம். அப்புறம் பிரான்சில் மதப் போர்கள் முற்றின, அரசர் மாறினார், நான்காம் ஹென்றி வந்தார். நாடு சிதறிக் கிடந்த நேரம். கடலில் வரும் ஒவ்வொரு கப்பலும் முதலில் பார்க்கப்போகும் பிரெஞ்சுக் கட்டடம் இது என்பதால், அரசின் பெருமையைக் காட்டும் நினைவுச்சின்னமாக இதை மாற்றத் திட்டம் பெரிதானது. அதனால்தான் இதற்குள்ளே கலங்கரை விளக்கத்தில் யாரும் எதிர்பார்க்காத அறைகள் இருக்கின்றன. தரைத்தளத்தில் அலங்கார வாசலும் கூடமும். அதற்கு மேல் 'அரசரின் அறை' எனப்படும் மாடம்; எந்த அரசரும் அங்கே வந்து தங்கியதே இல்லை. அதற்கும் மேலே ஒரு தேவாலயம். பளிங்குத் தரை, செதுக்கிய தூண்கள், மேலே குவிமாடம், ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. லூயி த ஃபுவாவின் மார்பளவுச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. தேவாலயத்தின் தலைக்கு மேலே நெருப்பு. கோயில் கோபுரத்தின் உச்சியில் தீபம் ஏற்றிய மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அலங்காரத்தை வீண் ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பகலில் கலங்கரை விளக்கத்தின் தீ யாருக்கும் தெரியாது. கோபுரத்தின் வடிவம்தான் அடையாளம். அடுக்கடுக்காக, தூண்களும் மாடங்களுமாக, வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் கடல் நடுவே எழுந்து நிற்கும் ஒன்றை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

சரி, இவ்வளவு கனத்தை அலையின் நடுவே எப்படி நிறுத்தினார்கள்? முதலில் நேரம். கடல் வற்றியிருக்கும் சில மணி நேரம்தான் அடித்தளத்தில் வேலை நடக்கும். நீர் ஏறினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விலக வேண்டும். கல், சுண்ணாம்பு, உணவு, குடிதண்ணீர் எல்லாம் படகில்தான் வர வேண்டும். குளிர்காலத்தில் புயல்.

அடுத்தது வடிவம். கோபுரத்தை நேரடியாகப் பாறையில் வைக்கவில்லை. சுமார் 41 மீட்டர் விட்டத்தில் வட்டமான கல்மேடை கட்டி, அதன் விளிம்பைச் சுற்றி அரண் போல ஒரு சுவர் எழுப்பி, நடுவில் கோபுரத்தை வைத்தார்கள். அலை வந்து மோதுவது அந்தச் சுவரில். கோபுரத்தின் மேல் நேரடி அடி விழுவதில்லை. வட்டம் என்பதும் முக்கியம். தட்டையான சுவரில் அலை மொத்தமாக அறையும். வளைந்த சுவரில் இரண்டு பக்கமும் வழுக்கிப் போய்விடும். ஆற்றுப் பாலத்தின் தூண்கள் நீர் வரும் பக்கம் உருண்டோ கூராகவோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். காவலர்கள் தங்கும் அறைகளும் இந்த அரண் சுவரை ஒட்டியே அமைந்தன.

கனமும் இங்கே ஒரு ஆயுதம். அலை ஒரு கட்டடத்தைத் தள்ளப் பார்க்கும். கட்டடத்தின் எடை அதைப் பாறையோடு அழுத்திப் பிடிக்கும். பிற்காலத்தில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். இங்கிலாந்தின் எடிஸ்டன் பாறையில் 1759ல் ஜான் ஸ்மீட்டன் கட்டிய கோபுரத்துக்கு மேடையும் இல்லை, அரணும் இல்லை. ஓக் மரத்தின் அடிப்பகுதி போல கீழே அகன்று மேலே ஒடுங்கும் வடிவம். கற்களைத் தச்சு வேலையில் பலகைகளைக் கோப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்று கொளுவிப் பூட்டினார். நீருக்கடியிலும் இறுகும் சுண்ணாம்புச் சாந்தைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு வந்த கடல் கோபுரங்கள் பலவும் அந்த வழியில் போயின. கோர்துவானோ அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. அதற்கு அந்த நுட்பம் தெரியாது. பெரிய பீடம், பெரிய சுவர், பெரிய கனம், அவ்வளவுதான். இன்னும் நிற்கிறது.

இதைக் கட்டியவர்களுக்கு அது நல்லது செய்யவில்லை. வேலை 27 ஆண்டுகள் இழுத்தது. லூயி த ஃபுவா தன் சொத்தையெல்லாம் இதில் போட்டு, முடிவதற்கு முன்பே இறந்துபோனார். மகன் எடுத்து நடத்தினார். அவரும் பணத்தை இழந்தார். கடைசியில் லூயி த ஃபுவாவிடம் மேற்பார்வை வேலை பார்த்த பிரான்சுவா பெஷேர்தான் 1611ல் கட்டி முடித்தார்.

நெருப்பு தன் கோபுரத்தையே தின்றது

இனி விளக்கு. உச்சியில் எரிந்தது ஓக் மர விறகு. நன்றாகப் பற்றத் தாரும் சேர்த்தார்கள். சமையலுக்கு அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும், விறகின் வெளிச்சம் ஒரே சீராக இருக்காது. ஒரு நேரம் கொழுந்து விடும், ஒரு நேரம் புகையும். மழை நாளில் ஈர விறகு. இவ்வளவும் பல மாடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்கு முன் கடலைக் கடந்து வர வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கோபுரத்தின் கல்லில் இருந்தது. அது சுண்ணாம்புக்கல். நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் என்ன செய்கிறோம்? சுண்ணாம்புக்கல்லைக் கரியோடு அடுக்கிச் சுடுகிறோம். கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறி, கல் இளகிப் பொடியாகும் சுண்ணாம்பாக மாறுகிறது. கோர்துவானின் உச்சியில் இரவுதோறும் அதுவேதான் நடந்தது. நூறு ஆண்டு எரிந்த தீ, தன்னைத் தாங்கிய கற்களையே காளவாய்க் கல்லாக்கிவிட்டது. 1717ல் விளக்கு மாடத்தை இடித்து இறக்க வேண்டியதாயிற்று. தீயை அதற்குக் கீழே மூட்டினார்கள். உடனே மாலுமிகளிடமிருந்து புகார்: விளக்கு முன்போல் தெரியவில்லை.

இந்த இடத்தில் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பூமி உருண்டை என்பதால், எவ்வளவு பிரகாசமான விளக்காக இருந்தாலும் ஒரு தூரத்துக்கு மேல் கடலின் வளைவு அதை மறைத்துவிடும். கணக்கு எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று வரும். கரையில் நிற்கிறீர்கள், உங்கள் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான் உங்கள் கடல். 37 மீட்டர் உயர விளக்கு 22 கிலோமீட்டர் எட்டும். 60 மீட்டர் விளக்கு 28 கிலோமீட்டர் எட்டும். கப்பலில் இருப்பவர் மேல்தளத்தில் நின்றால் அவருடைய தொடுவானத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளலாம். ஒன்பது மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு இன்னொரு 11 கிலோமீட்டர். பாய்மரக் கப்பல்களில் கொடிமரத்தின் மேலே ஆள் ஏற்றிப் பார்க்கச் சொன்னதன் காரணமும் இதுவே. இதில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது: எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே உயரத்தை மட்டும் நம்பி வெகுதூரம் போக முடியாது. ஆனால் இருக்கும் உயரத்தை இழந்தால் நஷ்டம் நிச்சயம்.

1727ல் இரும்பு விளக்கு மாடம் வைத்து நிலக்கரி எரித்தார்கள். இரும்பு நீறாது, அந்தச் சிக்கல் தீர்ந்தது. 1780களில் நிலக்கரியை நீக்கிவிட்டு, பின்புறம் உலோகத் தகடு வைத்த எண்ணெய் விளக்குகளை நிறைய வைத்துப் பார்த்தார்கள். மாலுமிகள் கோபப்பட்டார்கள், பழைய நிலக்கரித் தீயே தேவலாம் என்றார்கள். புதுமை என்பதாலேயே ஒன்று மேலாகிவிடாது. பயன்படுத்துகிறவரின் கண்தான் தீர்ப்பு சொல்கிறது.

அந்தப் புகாரை மதித்துக் கேட்டவர் போர்தோவின் பொறியாளர் ஜோசப் தெயுலேர். 1788ல் தொடங்கி, தேவாலயத்துக்கு மேலே இருந்த பழைய பகுதிகளை எடுத்துவிட்டு, எந்தச் சிற்பமும் இல்லாத ஒரு வெறும் கூம்பை எழுப்பினார். மேலே போகப்போக ஒடுங்கும் கோபுரம், உள்ளே சுற்றுப்படி. விளக்கு கடலிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்குப் போனது. இன்று தூரத்திலிருந்து பார்த்தால் கோர்துவான் இரண்டு கட்டடம் போலத் தெரிவது இதனால்தான். கீழே பாதி அரண்மனை, மேலே பாதி கருவி. கீழே ஓர் அரசின் பெருமை; மேலே ஒரு பொறியாளரின் கணக்கு. பழைய அழகை அவர் கெடுத்துவிட்டார் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தையல் தெரியும் இடம்தான் பிடித்திருக்கிறது. கீழ்ப்பாதியைத் தொடாமல் விட்டதில் மரியாதை இருக்கிறது. மேற்பாதியில் பழசைப் போல நடிக்காததில் நேர்மை இருக்கிறது.

அவர் வேலை நடந்துகொண்டிருந்தபோதே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கோபுரத்திலிருந்த அரச அடையாளங்களைச் சிதைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அவற்றைச் சீர்செய்தார்கள். 1790ல் விளக்கு எரிந்தது.

வெளிச்சத்தை வீணாக்காமல் இருப்பது

எண்ணெய் விளக்கு இம்முறை வெற்றி பெற்றதற்குக் காரணம் விளக்கே மாறியிருந்தது. ஆர்கண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1780ல் திரியைக் குழாய் போல வட்டமாக்கினார். அதன் நடுவிலும் வெளியிலும் காற்று ஏறும். மேலே கண்ணாடிச் சிம்னி. புகை குறைந்தது, சுடர் வெள்ளையாக நின்றது. இப்படிப்பட்ட விளக்குகளுக்குப் பின்னால் கிண்ணம் போல் குழிந்த உலோக எதிரொளிப்பான்களை வைத்து, எல்லாவற்றையும் கடிகார இயந்திரத்தால் சுழலவிட்டார்கள்.

எதிரொளிப்பான் செய்வது என்ன? ஓர் அகல் விளக்கை முற்றத்தின் நடுவில் வைத்தால் அதன் வெளிச்சம் மேலே, கீழே, நாலாபுறமும் போகும். மேலே போன வெளிச்சத்தால் மாலுமிக்கு என்ன பயன்? கீழே பாறையில் விழுந்ததாலும் பயனில்லை. கடலை நோக்கிக் கிடைமட்டமாகப் போகும் ஒரு மெல்லிய பட்டைதான் அவருக்குப் போய்ச் சேரும். பின்னால் சரியான வளைவில் பளபளப்பான தகடு வைத்தால், பின்பக்கம் போன வெளிச்சத்தையும் திருப்பி ஒரே திசையில் அனுப்பலாம். டார்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம் அதுதான். குறை என்னவென்றால், அந்தக் காலத்து உலோகத் தகடு தன்மேல் பட்ட ஒளியில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். கடல் உப்பும் புகையும் அதை மங்கவைக்கும். தினமும் துடைக்க வேண்டும், துடைக்கத் துடைக்கத் தேயும்.

இங்கேதான் அகஸ்டின் ஃபிரெனெல் வருகிறார். 1788ல் பிறந்தவர், அதே ஆண்டுதான் தெயுலேர் கோர்துவானை உயர்த்தத் தொடங்கினார். சாலை போடும் அரசுப் பொறியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஒளியை ஆராய்ந்தவர். ஒளி அலையாகப் பயணிக்கிறது என்று நிறுவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1819ல் பிரான்சின் கலங்கரை விளக்க ஆணையத்துக்கு உதவ வந்தபோது, எதிரொளிப்பானை விட்டுவிட்டு வில்லையை, அதாவது லென்ஸை, பயன்படுத்தலாம் என்றார். கண்ணாடி வழியாக ஒளி கடந்து போகும்போது இழப்பு மிகக் குறைவு.

ஆனால் கலங்கரை விளக்கத்துக்குப் போதுமான பெரிய லென்ஸ் என்றால் அது தடித்த கண்ணாடிப் பாறை. வார்ப்பதும் கடினம், தூக்குவதும் கடினம், தடிமனே ஒளியைக் குடித்துவிடும். இதற்கு விடை காண ஓர் இட்லியைத் தட்டில் வைத்துப் பாருங்கள். அடி தட்டை, மேல்பக்கம் வளைவு. லென்ஸும் இப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒளி வளைவது எங்கே? கண்ணாடிக்குள் நுழையும் பரப்பிலும் வெளியேறும் பரப்பிலும் மட்டும்தான். நடுவிலுள்ள சதைக்குள் அது நேர்கோட்டில் போகிறது. அப்படியானால் அந்தச் சதை வெறும் சுமை. இட்லியை வட்ட வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்று வளையங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் மேலே உள்ள சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு, அடியிலுள்ள சதையை நீக்கிவிட்டு, வளையத்தைத் தட்டின் மட்டத்துக்கு இறக்குங்கள். கிடைப்பது ஒரு மெல்லிய தட்டு. பக்கவாட்டில் பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போல் இருக்கும். ஒவ்வொரு பல்லின் சாய்வும் முழு லென்ஸில் அந்த இடத்தில் இருந்த அதே சாய்வு. ஆகவே ஒளி அதே விதமாக வளையும். எடை மட்டும் போய்விட்டது.

இந்த எண்ணம் அவருக்கு முன்பே புஃபோன் போன்றவர்களுக்கும் வந்திருக்கிறது. ஃபிரெனெல் அதைத் தனியாகவே கண்டடைந்து, அதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். ஒவ்வொரு வளையத்தின் வளைவையும் கணக்கிட்டார். சொலேய் என்ற கருவி செய்பவரோடு சேர்ந்து கண்ணாடித் துண்டுகளைத் தீட்டி, ஒட்டி, எட்டுச் சதுரப் பலகைகளாக்கினார். எட்டையும் ஒரு கூண்டு போல விளக்கைச் சுற்றி நிறுத்தினார். நடுவே ஒரே விளக்கு. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டத் திரிகள். மேலே தப்பிப்போகும் ஒளியைப் பிடிக்கவும் சிறு லென்ஸ்களையும் எதிரொளிக்கும் கண்ணாடிகளையும் சாய்த்து வைத்தார். 1823 ஜூலையில் முதன்முதலாக அதை ஏற்றிய இடம் கோர்துவான். 32 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரிந்தது.

அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 39 வயதில், காசநோயால் ஃபிரெனெல் இறந்துபோனார். அவருடைய லென்ஸ் உலகத்தின் கடற்கரைகளுக்கெல்லாம் போனது. இன்று அது கடலைத் தாண்டியும் இருக்கிறது. வண்டிகளின் விளக்குக் கண்ணாடியில் தெரியும் வரிகளிலும், படிக்க உதவும் தட்டையான பிளாஸ்டிக் உருப்பெருக்கியில் விரலால் தடவினால் தட்டுப்படும் வட்டங்களிலும் இருப்பது அதே யோசனைதான்.

எந்த விளக்கு இது?

மூன்றாவது சிக்கல் இன்னும் மிச்சம். இரவில் தெரியும் ஓர் ஒளிப்புள்ளி கோர்துவானா, வேறு கோபுரமா, கரையில் யாரோ மூட்டிய நெருப்பா? தவறாக நினைத்துத் திருப்பினால் கப்பல் மணலில் ஏறிவிடும்.

சுழற்சி இதற்கும் விடையாக அமைந்தது. எட்டு லென்ஸ் பலகைகள் எட்டு ஒளிக்கற்றைகளை அனுப்பும். கூண்டு மெதுவாகச் சுழலும்போது ஒவ்வொரு கற்றையாகக் கடலைத் துழாவிக்கொண்டு போகும். மாலுமிக்கு விளக்கு ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பளிச்சிட்டு மறையும். வேறோர் இடத்தில் வேறு இடைவெளி வைத்தால் போதும், எண்ணிப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம். கூண்டைச் சுழற்றியது பெண்டுலக் கடிகாரத்தில் இருப்பது போன்ற எடை. கயிற்றில் மெல்ல இறங்கும். அடி வரை இறங்கிவிட்டால் காவலர் எழுந்து மறுபடி மேலே ஏற்ற வேண்டும். இரவு தூக்கம் என்பதெல்லாம் முறை வைத்துத்தான்.

பின்னால் கோர்துவானின் குறியீடு மாறியது. இப்போது அது சுழல்வதில்லை. 12 நொடிக்கு ஒரு முறை இதே வரிசை திரும்ப வரும்: தொடர்ந்து எரியும் விளக்கு, இரண்டு முறை சேர்ந்தாற்போல் மறையும், பிறகு ஒரு முறை தனியாக மறையும். பளிச்சிடுவதை எண்ணாமல் இருட்டை எண்ண வேண்டிய விளக்கு இது. இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எந்தத் திசையிலிருந்து பார்க்கிறீர்களோ அதைப் பொறுத்து வெள்ளையாகவோ சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். கண்ணாடியில் வண்ணப் பட்டைகள் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கப்பல் நகர நகர நிறம் மாறினால், தான் எந்தப் பகுதிக்குள் நுழைந்திருக்கிறோம் என்று மாலுமி கணக்கிடுவார். திட்டுகள் நிறைந்த ஒரு கழிமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

1862ல் பிரான்ஸ் இதைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்தை அறிவித்ததும் அதே ஆண்டுதான். 1948ல் மின்சாரம் வந்தது. 2006ல் விளக்கு தானியங்கியானது. 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பிரான்சில் கடல் நடுவே உள்ள மற்றக் கோபுரங்களிலிருந்து காவலர்கள் எல்லாரும் எப்போதோ இறங்கிவிட்டார்கள். கோர்துவானில் மட்டும் இன்னும் ஆள் இருக்கிறார்கள். விளக்கை ஏற்ற அவர்கள் தேவையில்லை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளத் தேவை. உப்புக்காற்று நாள்தோறும் கல்லைத் தின்கிறது, கதவு கீல்கள் துருப்பிடிக்கின்றன, ஜன்னல் வழியே நீர் கசிகிறது. ஆளில்லாமல் பூட்டிவைத்த வீடு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே.

போய்ப் பார்க்கவும் முடியும். ருவாயான், லெ வெர்தோன் என்ற ஊர்களிலிருந்து படகுகள் கிளம்பும். கடல் வற்றும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் புறப்படுவார்கள். நீர் வற்றியிருந்தால் படகு கோபுரம் வரை போகாது. கொஞ்சம் தள்ளியே இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர மணலிலும் முழங்கால் நீரிலும் நடக்க வேண்டும். அப்புறம் 301 படிகள். அரசர் வராத அறை, தேவாலயம், அங்கிருந்து தெயுலேரின் கூம்பு, உச்சியில் 67.5 மீட்டர் கோபுரத்தின் விளக்கு மாடம். மேலே நின்று கீழே பார்த்தால் வந்த வழி மணலாகத் தெரியும். அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள். கடல் ஏறத் தொடங்குவதற்குள் படகுக்குத் திரும்பியாக வேண்டும்.